சைக்கிள்காரரின் எடை

தான் எழுதிய மூன்றாவது நாவல் அச்சாகி வந்த வாரம், மரண தண்டனைக் கைதியின் எடை நானூற்றுப் பன்னிரண்டு கிலோவாக இருந்தது. ஆள் என்னவோ முன்போலவே ஒட்டிய கன்னமும் துருத்திய கழுத்தெலும்புமாகத்தான் இருந்தார், சட்டை தொளதொளத்தது. இயந்திரத்தில்தான் கோளாறு என்று பழுது பார்ப்பவரை அழைத்தார்கள். அவர் தன்னையும், சிறை சூப்பரின்டென்டையும், ஒரு மூட்டை பருப்பையும் நிறுத்துப் பார்த்துவிட்டு, இயந்திரம் யோக்கியமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தூக்குக்குக் காத்திருப்பவரை வாராவாரம் நிறுப்பது அந்தச் சிறையின் நடைமுறை. எடைக்குத் தக்கபடிதான் கயிற்றின் நீளம். அதற்கான அட்டவணை சுவரில் தொங்கியது. அது நூற்றிருபது கிலோவோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கனக்கிற மனிதரை அட்டவணை போட்டவர் எதிர்பார்க்கவில்லை.

கைதி வெளியே சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். உள்ளேயும் எல்லோருக்கும் அவர் சைக்கிள்காரர்தான். கடைக்கு எதிரே பழைய பேப்பர் கடை. ஒரு காலையில் பேப்பர் கடைக்காரர் கட்டுகளுக்கு நடுவே மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் சைக்கிள்காரரின் ஸ்பேனர். முந்தின நாள் எடை மேடையின் நட்டை முடுக்க இரவல் கேட்டார், கொடுத்தேன் என்றார் சைக்கிள்காரர். போலீஸ் ஸ்டேஷனில் சொன்னார், மூன்று நீதிமன்றங்களில் சொன்னார், ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். மாறாமல் சொன்னதாலேயே அது மனப்பாடம் செய்து ஒப்பித்ததாகத் தெரிகிறது என்று ஒரு நீதிபதி தீர்ப்பில் குறிப்பிட்டார்.

தனிக் கொட்டடியில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாததால்தான் அவர் எழுத ஆரம்பித்தார். முதலில் ஒரு தபால்காரியை எழுதினார், அந்த வாரம் ஐம்பத்திரண்டு கிலோ கூடியது. அவளுக்கு ஒரு கணவன் வந்தான், குழந்தை பிறந்தது. குழந்தைக்கு மூன்று கிலோ. அவர் கதையில் எழுதுகிற ஆட்கள் எல்லாம் அவரோடேயே தங்கிவிடுகிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் தலைமை வார்டர். சைக்கிள்காரருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இத்தனை பேர் இருக்கிற அறையில் கால் நீட்டிப் படுக்க முடியவில்லை என்பதுதான் அவர் குறை.

கருணை மனுவுக்குக் கெடு நெருங்கியது. குற்றத்தை ஒப்புக்கொண்டு வருந்தினால்தான் மனு மேலே போகும். தங்கை வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“ஊர்ல இல்லாதவங்களைப் பத்தியெல்லாம் பக்கம் பக்கமா அளக்கிறே. எனக்காக ஒரே ஒரு வரி எழுதக் கூடாதா? செஞ்சுட்டேன், மன்னிச்சிடுங்கன்னு. உயிராவது மிஞ்சும்ணா.”

“உட்கார்ந்து பார்த்துட்டேம்மா, வரமாட்டேங்குது. இத்தனை பேரை இட்டுக்கட்டிட்டேன், அந்தக் கொலைகாரனை மட்டும் என்னால இட்டுக்கட்ட முடியலை.”

கெடு தாண்டிப் போயிற்று. தூக்குமேடை உத்தரத்துக்கு இரும்புப் பட்டை அடித்தார்கள். கப்பலைக் கட்டி நிறுத்துகிற கயிறு வாங்கலாமா என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். உணவைக் குறைக்கச் சொல்லிப் பதில் வந்தது. குறைத்தார்கள், அவர் பாதியாக இளைத்தார், தராசு முள் அசைந்து கொடுக்கவில்லை. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த சூப்பரின்டென்ட் கடைசியில் கொட்டடிக்கே வந்துவிட்டார்.

“ஒரு பஸ்ஸை வரவழை. எல்லாரையும் அதுல ஏத்து. ஒரு பள்ளத்துல உருட்டிவிடு. உனக்கும் கதை முடியும், நானும் நிம்மதியா வீட்டுக்குப் போவேன்.”

மனிதர் கெஞ்சுகிறாரே என்று சைக்கிள்காரர் ஒரு கிழட்டு வாட்ச் ரிப்பேர்க்காரருக்கு ஜுரம் வரவைத்துச் சாகடித்தும் பார்த்தார். எடை சட்டென்று இறங்கியது. இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, ஜுரம் விட்டது, கிழவர் எழுந்து கஞ்சி கேட்டார் என்று திருத்தி எழுதினார். எடை பழையபடி ஏறியது.

இதற்கிடையில், விற்காமல் தேங்கிய நாவல் பிரதிகள் நிறுவைக்கு வந்து சேர்ந்த இடம் அதே பழைய பேப்பர் கடை. இப்போது அதை நடத்தியவள் செத்துப்போனவரின் மனைவி. எங்கேயாவது உண்மையை உளறியிருப்பான் என்று மூன்றையும் வரி விடாமல் படித்தாள். பிறகு கடையைச் சாத்திவிட்டுச் சிறைக்கு வந்தாள்.

“ஏய், ஊர்ல உள்ள உருப்படாததுங்களை எல்லாம் எழுதியிருக்கே. எங்க வீட்டுக்காரர் எங்கே?”

சைக்கிள்காரர் எழுந்து கம்பியருகே வந்தார். “பயமா இருக்குங்க. எழுதினா வந்துடுவாரு. வந்து, நீதானாடான்னு அவரும் கேட்டுட்டா நான் எங்கே போவேன்?”

“கேக்கட்டும். எழுது.”

அடையாளம் எதுவும் அவள் சொல்லவில்லை. எதிர்க்கடையிலிருந்து பார்த்ததை மட்டும் வைத்து அவர் எழுதினார். கட்டுக் கட்டும்போது சணலைப் பல்லால் கடிக்கிற விதம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய நோட்டுகளில் எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தனியே அடுக்குகிற பழக்கம், கடை சாத்துமுன் தானே எடை மேடையில் ஏறி முள்ளைத் திட்டுவது எல்லாம் வந்தன. எழுதி முடித்த வாரம், நிறுக்கும்போது தானும் இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். இழக்க ஒன்றும் மிச்சமில்லாத சூப்பரின்டென்ட் சம்மதித்தார். கைதி ஏறுவதற்கு முன் அவள் தலைமை வார்டரிடம் ஓர் எண்ணை ரகசியமாகச் சொன்னாள்.

முள் நின்றதும் தலைமை வார்டர் போன வார எடையைக் கழித்துப் பார்த்தார். அறுபத்தேழரை கிலோ கூடியிருந்தது. அவள் சொன்னதும் அதுதான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவரேதான். அந்த அரைக் கிலோவைக் குறைக்கத்தான் தினமும் மேடையோட மல்லுக்கட்டுவாரு,” என்றாள். “ரோஷக்காரர். கொன்னவன் பக்கத்துல வந்து உட்கார மாட்டாரு,” என்றாள். பிறகு சைக்கிள்காரரை நிமிர்ந்து பார்த்தாள். “தம்பி, சாப்பிட்டியா?”

அவள் போட்ட மனுவை நீதிமன்றம் தள்ளிவிட்டது. தராசைச் சாட்சியாக ஏற்கச் சட்டத்தில் இடமில்லையாம். ஆனால் சிறைத்துறைக்கு வேறொரு சங்கடம் எழுந்தது. இவரைத் தூக்கிலிட்டால் கூடவே பேப்பர் கடைக்காரரும் தொங்குவார். கொலையுண்டவரையே அந்தக் கொலைக்காகத் தூக்கிலிட எந்த விதியும் இல்லை. கொலையுண்டவர் தாமாக விலகும்வரை தண்டனை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று உத்தரவு வந்தது. சூப்பரின்டென்ட் ஓய்வு பெற்றார். தங்கை இப்போது மனுக்களுக்குப் பதில் பேனாக்கள் கொண்டுவருகிறாள். சைக்கிள்காரர் ஏழாவது நாவலில் இருக்கிறார். ஸ்பேனரை இரவல் கொடுத்தேன் என்பதை இன்னும் ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறார்.

பேப்பர் கடைக்காரி செவ்வாய்தோறும் வருவாள். கம்பிக்கு இந்தப்புறம் நின்று கூரை ஒழுகுவதையும் வியாபாரம் மந்தமாக இருப்பதையும் புருஷனிடம் முறையிடுவாள். சைக்கிள்காரர் நாசூக்காகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அன்று சாயங்காலம் நிறுத்தால் அறுபத்தேழரை கிலோ குறைவாக இருக்கும். புதன் காலை சரியாகிவிடும் என்பதால் தலைமை வார்டர் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள் இரண்டு டிக்கெட் எடுப்பாள். தொடக்கத்தில் கண்டக்டர் ஏனென்று கேட்டார். இப்போதெல்லாம் ஜன்னலோர இருக்கையைக் காலியாக விட்டுவைக்கிறார்.