ஆளில்லாத அறைக்கு எதற்கு ஃபேன்?

விடுமுறை நாள் என்றால் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஓய்வு. மருமகளுக்கு மட்டும் குளியலறைச் சுவர். வாரம் முழுக்கத் துணிக்கடையில் நின்று வீங்கிய காலை மடக்கி, பிரஷ்ஷும் கையுமாக அவள் மண்டியிட்டாள். மூலைகளில் படர்ந்த கரும்பூஞ்சை தேய்த்தால் போகும், அடுத்த வாரம் வந்து நிற்கும். சில மாதங்களாக அவளுக்கு இருமலும் அப்படித்தான்.

"சுத்தமா தேச்சா ஏம்மா திரும்பத் திரும்ப வருது?" என்றார் கூடத்திலிருந்த மாமனார்.

"தேய்க்கத்தான் செய்றேன் மாமா. ஈரம் காயவே மாட்டேங்குது."

காயாதுதான். அந்தக் குளியலறைக்கு ஜன்னலே கிடையாது. அதனால்தான் அவள் கணவன் நாலு கடை ஏறி இறங்கி, அறையின் அளவுக்குத் தோதான எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்டியிருந்தான். குளித்து முடித்த பிறகும் ஈரம் போகிறவரை அது ஓட வேண்டும் என்று அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னான். செவிடன் காதில் ஊதிய சங்குதான். சுவிட்ச் கூடத்துப் பக்கம் இருந்தது, கூடத்தில் அவர் இருந்தார்.

கிடங்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் அவருக்கு வயிறு எரியும். யாராவது குளித்துவிட்டு வெளியே கால் வைத்தால் போதும், "ஆளில்லாத ரூமுக்கு எதுக்கு ஃபேன்?" என்று அணைத்துவிடுவார். கெட்ட மனிதர் இல்லை. சிக்கனமும் நல்ல குணம்தான், ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா?

அன்று தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போனவள் ஆசிட் பாட்டிலை எடுத்தாள். நெடி மாமனாருக்கு ஆகாது என்று கதவைத் தாழிட்டுக்கொண்டாள். ஃபேன் ஓடுகிறது என்ற தைரியம் அவளுக்கு. சுவரில் ஆசிட்டை ஊற்றிவிட்டு, அது ஊறட்டும் என்று சற்றே சாய்ந்து நின்றாள்.

உள்ளே தேய்க்கும் சத்தம் இல்லை. அவள் துணி உலர்த்த மாடிக்குப் போயிருப்பாள் என்று எண்ணிய மாமனார், போகிற போக்கில் விளக்கையும் ஃபேனையும் அணைத்தார்.

இருட்டில் நெடி நெஞ்சை அடைத்தது. கூப்பிட வாய் திறந்தாள், இருமல்தான் வந்தது. அவள் தாழ்ப்பாளைத் தடவித் தட்டும் சத்தம் கேட்டு அவர் திரும்பி ஓடி வந்தபோது, கதவைத் திறந்துகொண்டு அவள் அவர் காலடியிலேயே சரிந்தாள்.

"ஜன்னல் இல்லாத ரூம்ல கதவ சாத்திட்டு ஆசிட் ஊத்தலாமா?" என்று கடிந்துகொண்டார் டாக்டர். "இந்தப் பழைய இருமலுக்கும் அந்தப் பூஞ்சைதான் காரணமா இருக்கணும். உயிர் தப்பிச்சது பெரிசு."

வீட்டுக்கு வந்ததும் கணவன் கேட்டான். "ஃபேன் ஓடலையா?"

அவள் மாமனாரை ஒருமுறை பார்த்தாள். "விடுங்க. பேசத் தெம்பில்ல" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் விசாரிக்க வந்த எதிர்வீட்டு அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நல்லா இருந்த பொண்ணு! ஏதோ காத்து கருப்பு அண்டியிருக்கும்ணா."

மாமனார் தலை நிமிராமலே சொன்னார்.

"கருப்பு இருந்தது நிஜந்தாம்மா, செவுரு பூரா இருந்துச்சு. காத்துதான் இல்ல. காத்து இருந்திருந்தா கருப்பே வந்திருக்காது. இவ வாராவாரம் மண்டி போட்டுத் தேச்சா, நான் தினமும் சுவிட்ச அணைச்சு அத வளத்தேன். எதுல வேணா மிச்சம் புடிக்கலாம்மா. அடுத்தவங்க மூச்சுல மட்டும் மிச்சம் புடிக்கக் கூடாது."