மீன் எண்ணெய் விசாரணைக் கமிஷன்

மனித குலத்தின் ஆரோக்கிய சரித்திரத்தைப் பிற்காலத்தில் எவரேனும் எழுதப் புகுந்தால், ஹைதராபாத் மல்காஜ்கிரியில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், செப்டம்பர் மாத ஞாயிறு ஒன்றின் காலை எட்டு மணிக்கு நிகழ்ந்ததற்குத் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருக்கும். மீன் எண்ணெய் மாத்திரைகளின் தரத்தையும் தூய்மையையும் எவருக்கும் அஞ்சாமல் ஆராய்வதற்கான சுயேச்சைக் கமிஷன் அன்று உதயமாயிற்று. தலைவர் ஜம்புநாதன். செயலாளரும் அவரே. கமிஷனுக்குக் காபி போட்டவரும் அவர்தான். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

ஜம்புநாதன் ராணுவத் தளவாடம் செய்யும் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவர். அவர் முத்திரை குத்தாமல் ஒரு போல்ட் உள்ளே போனதில்லை. சப்ளையர்கள் அவரைக் கண்டால் வராந்தாவின் அந்தப் பக்கமாக ஒதுங்குவார்கள். ரிடையரான மறுநாளிலிருந்து நிராகரிக்க அவருக்கு எதுவும் வந்து சேரவில்லை. மனைவி விஜயகுமாரி போய் மூன்று வருஷம். ஒரே மகள் பூர்ணா டொரண்டோவில். நல்ல பெண், வேலை அதிகம். ஹைதராபாத் வரும் சிநேகிதர்களிடம் அப்பாவின் இதயத்துக்காக மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்தனுப்புவாள். ஞாயிறு காலை ஏழரைக்குக் கூப்பிடுவாள். மாத்திரை போட்டுக்கொண்டாயா என்பாள். ஆச்சு என்பார். சாப்பாடு? அதுவும் ஆச்சு. அதற்குள் அங்கே தூங்கும் நேரம் வந்துவிடும்.

அந்த ஞாயிறு மாத்திரை தொண்டைக்குள் இறங்காமல் பல்லுக்கடியில் சிக்கி வெடித்தது. எண்ணெய் நாக்கில் பரவியது. குடலைப் பிடுங்கும் நாற்றம். அவர் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருக்கையில் போன் வந்தது.

"சரக்கு கெட்டுப்போயிருக்கு பூர்ணா" என்றார்.

பூர்ணா போனை வைக்கவில்லை. பாட்டிலைக் கேமராவுக்குக் காட்டச் சொன்னாள். பேட்ச் நம்பர் கேட்டாள், வயிறு எப்படி இருக்கிறதென்று கேட்டாள், நாக்கை நீட்டச் சொன்னாள். "நக்கோப்பா, வேண்டாம், இனிமே ஒண்ணுகூடத் தொடாதே" என்று ஹைதராபாத்காரியாகவே அதட்டினாள். இருபத்து மூன்று நிமிஷம். விஜயகுமாரியின் காரியம் முடிந்து அவள் விமானம் ஏறிய பிறகு இவ்வளவு நேரம் பேசியதில்லை. போனை வைத்த கையோடு கமிஷன் அமைக்கப்பட்டது.

கமிஷன் பகலெல்லாம் இணையத்தில் படித்தது. மீன் எண்ணெய் காற்றுப் பட்டால் கெட்டுச் சிக்குப் பிடிக்குமாம், பாதரசம் இருக்கலாமாம், லேபிளில் போட்ட ஒமேகா சத்து உள்ளே இல்லாமலும் போகலாமாம். இத்தனையையும் ஒரே நாளில் கொட்டிவிட ஜம்புநாதன் என்ன பைத்தியமா? வேளைக்கு ஒரு விஷமாக எடுத்துவிட்டார். சிக்கு ஒரு ஞாயிறு. பாதரசத்தைக் கேட்டு, பூர்ணா புதன்கிழமையும் கூப்பிட ஆரம்பித்தாள். ஈயம் சனிக்கிழமையைச் சம்பாதித்துக் கொடுத்தது.

கம்பெனியின் இணையதளத்தில் தரச் சான்றிதழ் இருக்கிறதே என்று அவள் ஒருநாள் சொன்னாள். மாப்பிள்ளை தனக்குத் தானே எழுதிக்கொண்ட நன்னடத்தைச் சான்றிதழ் அது என்று கமிஷன் தள்ளுபடி செய்தது. குகட்பள்ளிப் பக்கம் ஒரு தனியார் ஆய்வுக்கூடம் பிடித்தார். அதே பேட்ச்சில் பிரிக்காத பாட்டிலை அரக்கு வைத்து சீல் செய்தார். சாட்சி இல்லாமல் மாதிரி எடுக்கிற வழக்கம் அவர் பிரிவில் கிடையாது. பதினாறு வருஷம் குடியிருந்த கட்டடத்தில் யாரைக் கூப்பிடுவது என்று அரைமணி நேரம் யோசித்தார். கடைசியில் சிலிண்டர் போட வந்தவர் கையெழுத்துப் போட்டார்.

ரிப்போர்ட்டுக்குப் பத்து நாள். நடுவில் பூர்ணா சொன்னாள்:

"ரிப்போர்ட் மோசமா வந்தா நான் டிசம்பர்ல வந்துடறேன்ப்பா. ஒன்றரை வருஷமா உள்ள போயிருக்கு. பக்கத்துல இருந்து ஃபுல் செக்கப் பண்ணிடறேன்."

எதற்கு வீண் சிரமம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, பரணிலிருந்து மெத்தையை இறக்கி மொட்டை மாடியில் வெயிலில் போட்டார். அந்தப் பத்து நாளில் மெத்தை மூன்று தடவை வெயில் காய்ந்தது.

ரிப்போர்ட் வந்தது. பாதரசம் இல்லை. ஈயம் இல்லை. சிக்கு, அனுமதித்த அளவில் கால்வாசிகூட இல்லை. ஒமேகா லேபிளில் போட்டிருப்பதைவிட ஒரு பிடி அதிகம். ஜம்புநாதன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பல்லில் வெடித்த மாத்திரையின் பாட்டிலை எடுத்துக்கொண்டு குகட்பள்ளிக்கு ஓடினார்.

கவுண்டரில் ரோஸ்லின் என்ற பெண். செகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். மறுபடி ஒரு தடவை சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார். எங்கேயாவது கொஞ்சம் பாதரசம் விட்டுப்போயிருக்கலாம் என்றார்.

"அங்கிள், ஃபெயிலை பாஸாக்குங்கன்னு கெஞ்சறவங்களைத் தினம் பாக்கறேன். பாஸை ஃபெயிலாக்கச் சொல்லி வந்த மொத ஆள் நீங்க."

"நாத்தம் குடலைப் புரட்டறதும்மா. நீயே பாரு."

அவள் ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி முகர்ந்தாள். பிறகு அவர் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தாள். மீன் சாப்பிட்டதுண்டா என்று கேட்டாள். பரம்பரையிலேயே கிடையாது என்றார்.

"மீன் இப்படித்தான் அங்கிள் வாசம் வரும்" என்றாள். "இது நல்ல மீன்."

ஞாயிறு ஏழரைக்குப் போன் அடித்தது. ரிப்போர்ட் வந்துடுத்தா என்று பூர்ணா எடுத்தவுடன் கேட்டாள். காகிதம் அவர் கையில் இருந்தது. ஒரு வரியை மாற்றிப் படித்தால் போதும்; அவள் சரிபார்க்கப் போவதில்லை. முப்பத்தொரு வருஷத்தில் கெட்ட சரக்கை அவர் உள்ளே விட்டதில்லை. நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பியதும் இல்லை. அந்தப் பாழாய்ப்போன வழக்கம் குறுக்கே வந்து நின்றது.

"அக்ஸெப்டட்" என்றார்.

"அப்பாடா" என்றாள் பூர்ணா. எவ்வளவு பயந்துபோயிருந்தேன் தெரியுமா என்றாள். இன்றைக்கே மறுபடி ஆரம்பித்துவிடச் சொன்னாள். இன்னும் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னாள்.

டிசம்பரில் அவள் வரவில்லை.