குறுக்கே பேசாத டாக்டர்

என் தம்பிக்கு ஞானம் பிறந்தது ஒரு மருத்துவக் கூட்டத்தில். குடும்ப டாக்டர்களுக்கு மட்டும் நடந்த கூட்டம். நோயாளி வாயைத் திறந்து அரை நிமிடம் ஆவதற்குள் டாக்டர் குறுக்கே பேசிவிடுகிறாராம். பேசவிட்டால் பெரும்பாலோர் தாங்களாகவே சீக்கிரம் முடித்துவிடுவார்களாம். இதற்கு ஓர் ஆராய்ச்சி! என்னிடம் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பேன். அவன் கிளினிக்கில் சீட்டு கொடுப்பவள் நான். அவனைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்லாமல் விட்டதையெல்லாம் என்னிடம்தான் கொட்டுவார்கள்.

"இனிமே அவங்களா முடிக்கிற வரைக்கும் நான் வாயே திறக்கமாட்டேன்க்கா" என்றான்.

"நீயா? தூக்கத்துலகூடப் பேசுறவனாச்சே."

"பாரு, இப்பவே நீ குறுக்க பேசுற."

மறுநாள் முதல் ஆள் தச்சர். முழங்கால் வலிக்கு உள்ளே போனவர் முகம் வெளுத்து வெளியே வந்தார்.

"ஏம்மா, எனக்குப் பெரிய வியாதி ஏதாவதா? மறைக்காம சொல்லுங்க."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லலையே! என் முகத்தையே பாத்துத் தலைய ஆட்டுறாரு. பயத்துல வயிறு, தலைசுத்தல், முதுகுன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். அதுக்கும் ஆட்டுறாரு!"

முழங்காலுக்கு வந்த மனுஷன் கை நிறையப் பரிசோதனைச் சீட்டோடு போனார்.

அடுத்து தையல்காரம்மா. அவளுக்குச் சொல்லவா வேண்டும்? இருமலை ஒரே மூச்சில் முடித்துவிட்டு மருமகளை ஆரம்பித்தாள். வெளியே வரிசை மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போய்விட்டது. கும்பிடு அவனுக்கு, திட்டு எனக்கு. ஆனால் நல்லதை நல்லது என்று சொல்லத்தானே வேண்டும்? மருமகள் புராணத்தின் நடுவே, பிரஷர் மாத்திரையைத் தான் எப்போதோ நிறுத்திவிட்டதையும் அவள் சொல்லிவிட்டாள். இத்தனை நாள் அவன் பிரஷர் இறங்கவில்லை என்று மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறான், பாவி!

கிளினிக்கில் இப்படிப் பொறுமையின் சிகரமாக இருந்தவன் வீட்டுக்கு வந்தால் பழைய தம்பிதான். அந்த வாரம் மாடிப்படி ஏறும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இறுகியது. நின்றால் விட்டுவிடும். எனக்குப் பயம். சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தேன்.

"தம்பி, படி ஏறுறப்ப நெஞ்சுல..."

"கேஸ்க்கா. நேரத்துக்குச் சாப்பிடு."

மறுநாளும் விடவில்லை. "தாடை வரைக்கும் ஒரு மாதிரி..."

"அதுக்குப் பல் டாக்டரப் பாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தூக்கி அடித்திருப்பேன். ஊரார் மருமகள் கதைக்கெல்லாம் காது இருக்கிறது, கூடப் பிறந்தவளுக்கு அரை வாக்கியம்தான்! அடுத்த நாள் கடைசிச் சீட்டை எனக்கே போட்டுக்கொண்டு உள்ளே போய் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்னக்கா?"

"அக்கா இல்ல, நோயாளி. கேளு."

சிரித்தான். கையைக் கட்டிக்கொண்டு வாயை மூடினான். அவ்வளவுதான், எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சொல்லிவிட்டால் நிஜமாகிவிடுமே! உடைந்த பெஞ்சைச் சொன்னேன், தண்ணீர் வராத குழாயைச் சொன்னேன், வரிசையில் வாங்கிய திட்டையெல்லாம் சொன்னேன். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். போதும் என்று எழுந்து கதவுக் கைப்பிடியில் கை வைத்தபிறகுதான் பேச்சு வந்தது.

"அப்புறம், படி ஏறுனா நெஞ்சு இறுக்குது. தாடைக்கும் ஏறுது. எப்பவும் நின்னா போயிடும். இன்னிக்குக் காலையிலேர்ந்து போகல."

அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "உக்காரு. பேசாத!"

என் வாயில் ஒரு மாத்திரையைப் போட்டு மென்று விழுங்கச் சொன்னான். தானே ஈசிஜி எடுத்தான். காகிதத்தைப் பார்த்ததும் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தவன் பேச ஆரம்பித்தான்.

"ஏன்க்கா இவ்வளவு நாள் சொல்லல? ஊரே என்கிட்ட வந்து சொல்லுது, நீ சொல்லக்கூடாதா? உனக்கு ஒண்ணுன்னா எனக்கு யாருக்கா இருக்கா? நான் எதுக்குக்கா டாக்டருக்குப் படிச்சேன்?"

'ரெண்டு தடவை சொன்னேன்டா' என்பது நாக்கு நுனி வரை வந்தது. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அவன் அழுதுகொண்டே பேசினான். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.