சுவர்மேல் வைத்த பெட்டி

பெரகல சந்தியில் கரண்ட் திரும்பி வந்தபோது ஜெனீராவின் தையல் கடையில் எல்லாருக்கும் சந்தோஷம், சிவசக்தி ஒருத்தியைத் தவிர. விளக்கு எரிந்தது, ரேடியோ பாதிப் பாட்டில் பாடத் தொடங்கியது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில் வீட்டில் சார்ஜ் போட்ட பேட்டரிப் பெட்டியின் சுவிட்சை அவள் அணைக்கவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே நிற்கும் சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் எழும்பி, போதுமென்று நின்றுவிடும். அதற்கு மேலே இருப்பதெல்லாம் பொதுச் சொத்து. இந்த வீட்டுக் கருவாட்டு வாசமும் அந்த வீட்டுச் சண்டையும் தாராளமாகப் போய்வரும். சிவசக்தி எல்இடி பட்டியை ஒரு அலுமினியத் தகட்டில் ஒட்டி, தையல் மெஷினுக்கு மேலே தொங்கவிட்ட நாளிலிருந்து அவளுடைய வெளிச்சமும் அப்படிப் போக ஆரம்பித்தது. அது நேராகப் போய் விழுந்தது பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமியின் முகத்தில். விடியுமுன் எழுந்து, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவள், ராத்திரி சீக்கிரமே படுத்துவிடுவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், உன் வெளிச்சத்தை உன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள் என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டாள்.

கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். சொல்லவில்லை. ரோஷம். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. பீலிக்கரையில் ஒருத்தி வந்தால் மற்றவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அதன் பிறகுதான் சிவசக்திக்கு விளக்கின்மேல் வெறி பிடித்தது. பண்டாரவளையில் போன் திருத்தும் ஷப்ராஸிடம் போய், வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு வைத்த சின்ன போர்டு ஒன்று வாங்கினாள். அடிக்கடி கரண்ட் போகிற இடமாயிற்றே, அந்த போர்டை ஓட்டப் பழைய லெப்டொப்பிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரி மூன்றும் வாங்கினாள். மூன்றில் ஒன்று நோஞ்சான், மற்றதெல்லாம் நிறையுமுன் அது நிறைந்து சூடேறும், நடுவில் காவல் போர்டு ஒன்று போடாமல் சார்ஜ் செய்யக் கூடாது என்று ஷப்ராஸ் படித்துப் படித்துச் சொன்னான். காவல் போர்டு அவனிடம் அன்றைக்கு இருக்கவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னான்.

அடுத்த வாரம் வரை யார் பொறுப்பது? பேட்டரி மூன்றையும் ஒரு பெட்டியில் அடைத்து, பழைய அடப்டர் ஒன்றை நேராகவே இணைத்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, அடிக்கடி தொட்டுப் பார்த்துத்தான் சார்ஜ் போடுவது என்று தனக்குத்தானே சட்டமும் போட்டுக்கொண்டாள். ப்ளக் போர்டு உயரத்தில் இருந்ததால் பெட்டியைச் சுவர்மேலேயே வைத்தாள். இன்று காலை சுவிட்சைப் போட்டவுடன் கரண்ட் போனது. போனது போனதுதானே என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், பெட்டிக்கு நேர் கீழே, ஜெயலெட்சுமியின் புருஷன் மாரிசாமி தூங்கிக்கொண்டிருப்பார். ஃபெக்டரியில் இரவு வேலை அவருக்கு. ரோலர் சத்தத்திலேயே காலம் தள்ளியதில் காது முக்கால்வாசி போய்விட்டது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் படுத்தாரென்றால் இடி விழுந்தாலும் எழும்ப மாட்டார். அவர் தலைக்கு மேலே, ஒழுக்குக்கும் புகைக்கரிக்கும் பயந்து, உரப்பைகளைத் தைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு பொறி விழுந்தால் போதும்.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் ஜெயலெட்சுமிக்குச் சிவசக்தி போன் எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தாள். மூன்றாம் தடவை அடிக்கும்போதே வெட்டப்பட்டது. ஜெனீராவிடம் விஷயத்தைச் சொல்லக்கூட நேரமில்லை, அவளுடைய போனைப் பிடுங்காத குறையாக வாங்கி அதிலிருந்து எடுத்தாள்.

இந்தத் தடவை ஹலோ என்று குரல் வந்தது.

"வைக்காதீங்கக்கா. சக்திதான். ஒங்க வீட்டுச் செவுத்து மேல பேட்டரிய சார்ஜ் போட்டுட்டு வந்துட்டேன். அது வெடிச்சுரும். மாமாவ எழுப்புங்க, ஓடுங்க."

எதிர்ப்பக்கம் ஒரு வசவுகூட வரவில்லை. கொழுந்து நிறைந்த பை தரையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

சந்தியில் நின்ற நப்ரீஸின் ஆட்டோவில் ஏறி, தோட்டத்துக்கு என்றாள். அவன் இப்போதுதான் அங்கே ஒரு சவாரி இறக்கிவிட்டு வந்திருந்தான். தோட்டத்தில் கரண்ட் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

"அது அப்பவே வந்துருச்சே தங்கச்சி. சந்திக்குத்தான் லேட்டு."

அப்பவே என்றால் எப்போது என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வளைவுக்கு வளைவு ஆட்டோ இறங்கியது. அந்த ஓட்டத்திலும் மனசுக்குள் ஒரு கேவலமான நினைப்பு தலைநீட்டியது. லயம் எரிந்தால் பேப்பரில் எப்போதும் போடுவது ஒன்றுதான், மின்னொழுக்கே காரணம் என்று. யாருக்கும் தெரியப் போவதில்லை. தான் மட்டும் போன் எடுத்துச் சொல்லாமல் இருந்திருந்தால். இப்படியும் தன் புத்தி போகுமா என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

கடைசி வளைவில் எதிர்ச் சரிவிலிருந்த லயம் தெரிந்தது. கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. லயத்துக் கூரையில் புகை வருவது அதிசயமில்லை, ஆனால் எல்லாரும் மலையில் நிற்கும் நேரத்தில் யார் வீட்டில் அடுப்பு எரியும்? தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒருத்தி விழுந்து எழும்பி ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் லயத்துக்கும் நடுவே இன்னும் ஒரு மேடு இருந்தது. சிவசக்தி கும்பிட்ட கையை இறக்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஜெயலெட்சுமி வீட்டு ஜன்னல் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. அதன் வழியாக மூங்கில் கம்பை விட்டுக் குத்தித்தான் புருஷனை எழுப்பியிருக்கிறாள். அவர் கண் விழித்துப் பார்த்தால் தலைக்கு மேலே உரப்பை உருகிச் சொட்டுகிறது. கட்டில்மேல் ஏறி, வெறுங்கையால் பெட்டியை வயரோடு பிய்த்து ஜன்னலுக்கு வெளியே வீசிவிட்டார். வெளியே தண்ணீர் ஓடும் கானில் விழுந்து அது சீறிக்கொண்டு வெடித்தது. இப்போது கரிக்கட்டையாகக் கிடந்து நாறியது. மாரிசாமி உள்ளே வாளித் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை வெந்திருந்தது. மற்றபடி ஆள் முழுசாக இருந்தார்.

ஜெயலெட்சுமி எழுந்து வந்தாள். சிவசக்தியின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். சிவசக்தி நகரவில்லை. இன்னொன்று விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் நின்றாள். அது விழவில்லை. ஜெயலெட்சுமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்குடி இந்த எழவு?"

"லைட்டக் கொறைக்கக்கா. ஒங்க மூஞ்சில அடிக்கக் கூடாதுன்னு."

ஜெயலெட்சுமி கானில் கிடந்த கரிக்கட்டையைப் பார்த்தாள். முழங்காலெல்லாம் கீறல், மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"மூணு தடவ அடிச்ச. ஒம் பேரு வந்துச்சு. பாத்துட்டு வேணுமின்னேதான் எடுக்கல."

சிவசக்தி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயலெட்சுமி கையை உதறவில்லை.

வெளியில் பேசியது எதுவும் மாரிசாமிக்குக் கேட்கவில்லை. நனைந்த கையோடு வாசலுக்கு வந்து, காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரலில் பெண்சாதியைப் பார்த்துச் சொன்னார்:

"நல்லவேள புள்ள, போன் வந்தவொடன எடுத்திட்ட."

ஜெயலெட்சுமி தலை நிமிரவில்லை.