முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டவள்

மேடையில் போட்டிருந்த நாலு நாற்காலிகளில் ஓரத்து நாற்காலி வாசுகிக்கு. விடியும் முன்னே கேரள எல்லையோரச் சேரம்பாடியில் ஏறி, கூடலூரிலும் ஊட்டியிலும் பஸ் மாறி, குன்னூரில் இந்த ஓவியப் பள்ளிக்கு வந்து சேர்ந்தவளுக்குத் தலை இன்னும் கிறுகிறுத்துக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் அவள் புருஷனின் அண்ணன் வடிவேல், வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின்னால் தொங்கிய பதாகையில் எழுதியிருந்ததை அவள் வந்ததும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். பாலகுமாரின் புகைப்படக் கண்காட்சி, புத்தக வெளியீடு. முதல் பிரதியைப் பெற்றுக்கொள்பவர், மனோகரனின் துணைவியார் வாசுகி. புருஷனின் பெயர் வந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை படித்தாள். எஸ்டேட்டில் மருந்தடிக்கிற வேலை பார்த்த மனுஷன். செத்த பிறகுதான் இப்படி ஒரு மரியாதை வர வேண்டுமா என்றும் தோன்றியது.

போன ஐப்பசியில் ஒரு காலை, பனி விலகாத நேரத்தில், பம்புசெட்டுக்குக் கீழேயிருந்த தேயிலைச் சரிவில் ஒற்றை யானை அவரைத் தூக்கி வீசியது. வாசுகி அப்போது எதிர்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். சேதி கேட்டு அவள் ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, அவரைப் போர்வையில் சுற்றி ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். "வீசின வீச்சுலயே உசிரு போயிருச்சும்மா, வலியே தெரிஞ்சிருக்காது" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இந்த ஒரு வருஷமாக அவள் தூங்கியது அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான்.

அந்தச் சமயம் எஸ்டேட் பங்களாவில் தங்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தவர் பாலகுமார். கருமாதிக்கு வந்தார், பிள்ளைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். "மனோகரனோட கதை வெளியுலகத்துக்குத் தெரியணும். அன்னிக்கு எடுத்த படங்களைப் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். நல்ல மனுஷராகப் பட்டதால் வாசுகி சரியென்று தலையாட்டினாள்.

கூடத்தின் சுவரெங்கும் அவர் எடுத்த படங்கள். அவளுடைய தொழிலாளர் லயத்து வீட்டின் கரிபடிந்த சுவர், கொழுந்துக் கூடைகள், சாலையில் நின்று கத்துகிற சனங்கள். எதிர்ச்சுவரில் ஒரு பெரிய படத்தை மட்டும் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் துணியை இழுத்ததும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

மனோகரனின் முகம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கன்னத்தில் சேறு. கண்கள் திறந்திருந்தன. கதவளவு பெரிய அந்த முகத்தைப் பார்த்ததும் வாசுகி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். உயிர் போன பிறகும் கண் மூடவில்லை போலிருக்கிறது, யாரும் மூடிவிடவில்லையே என்றுதான் முதலில் நினைத்தாள்.

புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார்கள். வாங்கினாள். பிறகு பாலகுமார் பேச எழுந்தார்.

"எல்லாரும் மேல ரோட்டுல நின்னாங்க. யானை அவர் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாங்க, அசைவில்லை. இறந்துட்டார்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆனா என்கிட்ட தூரத்துல இருக்கிறதைக் கிட்டத்துல காட்டுற லென்ஸ் இருந்தது. அது வழியா பார்க்கிறேன், இமை அசையுது. அந்தக் கூட்டத்துல அதைப் பார்த்த ஒரே ஆள் நான். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்த அந்த மௌனமான பேச்சுதான் இந்தப் புத்தகம்."

கூட்டம் கைதட்டியது. எல்லோரும் தட்டுகிறார்களே என்று வாசுகியின் கைகளும் இரண்டு தட்டு தட்டின. மூன்றாவதற்கு எழும்பவில்லை.

வடிவேல் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன சார் சொன்னீங்க? எந்தம்பி உசிரோட கெடந்தானா?"

பாலகுமார் தடுமாறினார். ஒலிவாங்கியைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தார். "வடிவேலண்ணே, உட்காருங்க. அப்புறம் பேசுவோம்."

"நான் எறங்கப் போனேன். மூணு பேரு என்னயப் புடிச்சு அமுக்கிட்டாங்க. போன உசிருக்காக இன்னொரு உசிரு எதுக்குன்னாங்க. நீங்க அங்கதான சார் நின்னீங்க? எம் பக்கத்துலதான நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்கல்லாம் ஓடியிருப்பீங்க. யானை நின்ன நிலைக்கு இன்னும் ரெண்டு பேர் செத்திருப்பீங்க."

"அது எங்க உசிரு சார்! போறதா வேணாமான்னு நாங்கல்ல சொல்லணும்? கோயில்ல வெடி இருந்துச்சு. ஆளுக்கொண்ணு கொளுத்திப் போட்டுக்கிட்டு எறங்கியிருப்போம்."

பள்ளியின் முதல்வர் அம்மாள் சட்டென்று எழுந்து, இது மிகவும் உணர்ச்சிகரமான தருணம் என்றும், வெளியே தேநீர் தயாராக இருக்கிறது என்றும் அறிவித்தார். நாற்காலிகள் நகர்ந்தன. யாரும் வடிவேலின் முகத்தைப் பார்க்கவில்லை.

காட்சிக்கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் ஹுமா என்ற பெண்தான் வாசுகியை ஃபோனில் அழைத்து வரவழைத்தவள். அவளே வாசுகியின் தோளைப் பிடித்து அலுவலக அறைக்குக் கூட்டிப்போனாள். பாலகுமார் பின்னாலேயே வந்தார். கதவோரம் வடிவேல் நின்றார்.

"அம்மா, நான் தப்பான எண்ணத்துல..."

"எவ்வளவு நேரங்க?" என்றாள் வாசுகி.

"என்னம்மா?"

"அவரு கண்ணத் தொறந்துக்கிட்டு எவ்வளவு நேரம் கெடந்தாருங்க? உங்க கேமராவுல படம் புடிச்ச மணி விழும்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தீங்கல்ல."

"அரை மணிக்கு மேல இருக்கும்."

"வாய் அசைஞ்சுதுங்களா?"

பாலகுமார் ஹுமாவைப் பார்த்தார். ஹுமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கேக்குறேன்ல. அசைஞ்சுதுங்களா?"

"அசைஞ்சுது."

"என்ன சொன்னாரு?"

"அவ்வளவு தூரத்துல கேக்காதும்மா."

வாசுகி அழவில்லை. அழுகை வரும் இடமே வறண்டு போனது போலிருந்தது. "அந்தப் படத்த எறக்கிருங்க" என்றாள்.

முதல்வர் அம்மாள் உள்ளே வந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாதக் கடைசி வரை கண்காட்சி, அடுத்தடுத்துப் பேச்சுகள் வைத்திருக்கிறார்கள், படத்தை வைப்பதும் எடுப்பதும் கலைஞரின் உரிமை. இந்தப் படத்தைப் பார்த்தால்தான் அரசாங்கத்துக்கும் உறைக்கும் என்றார் பாலகுமார். பிறகு இருவரும் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

வாசுகி எழுந்து வெளியே வந்தாள். கையிலிருந்த புத்தகத்தை விற்பனை மேசையில் வைத்துவிட்டு நேரே எதிர்ச்சுவருக்குப் போனாள். "மாமா, அந்தப் பக்கம் புடிங்க." இருவருமாகச் சட்டத்தைத் தூக்கி ஆணியிலிருந்து கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தார்கள். தேநீர்க் கோப்பையோடு நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒருவரும் தடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில், நடுவட்டம் இறக்கத்தில் வடிவேல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "கைய உதறிட்டுப் போயிருக்கணும் வாசுகி. மூணு பேர உதற முடியாதவனா நானு?"

"உங்களுக்குத் தெரியாது மாமா. தெரிஞ்சிருந்தா போயிருப்பீங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள். தண்ணி. அண்ணே. வாசுகி. மூத்தவளின் பெயர், சின்னவனின் பெயர். ஒவ்வொன்றுக்கும் வாய் எப்படிப் போகிறது என்று பார்த்தாள். எதைச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பார். கூடலூர் வரும் வரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

நாலு நாள் கழித்து, கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றிருந்தபோது ஹுமா அழைத்தாள்.

"அக்கா, மறுபடியும் மாட்டிட்டாங்க. நான் வேணாம்னு சொன்னேன், கேக்கல. சனிக்கிழமை இன்னொரு பேச்சு வேற இருக்கு. உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியலக்கா."

வாசுகி சனிக்கிழமைக்கு லீவு சொன்னாள். வடிவேலைக் கூப்பிடவில்லை. அந்த மனுஷன் சோறு இறங்காமல் படுத்துக் கிடந்தார்.

சனிக்கிழமை குன்னூர்க் கூடத்தில் கூட்டம் சேரச் சேர, அவள் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முதலில் வந்தவர்கள் கண்ணாடி போட்ட ஒரு தம்பதி. "இது எங்க ஊட்டுக்காரருங்க. பேரு மனோகரன். இதப் புடிக்கையில உசிரோட இருந்தாரு. புடிச்சவரு யார்கிட்டயும் சொல்லல" என்றாள். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். அடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, ஒரு சொல் கூட்டவுமில்லை. சிலர் தலைகுனிந்தார்கள். சிலர் பாதியிலேயே விலகினார்கள். ஒரு கல்லூரிப் பையன் இரண்டடி பின்வாங்கி, அவளும் படமும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஃபோனில் படமெடுத்தான். அவனுக்கும் அதையே சொன்னாள்.

முதல்வர் அம்மாள் வந்து, வெளியே உட்காரலாமே என்றார். "இங்கயே நிக்கிறேங்க" என்றாள். போலீசைக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. ஹுமா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து படத்தின் கீழே போட்டாள். "அவங்க இங்கதான் இருப்பாங்க மேடம்" என்றாள். பாலகுமார் அன்று பேச வரவில்லை. உடம்பு சரியில்லை என்று அறிவித்தார்கள்.

சாயங்காலம், கண்காட்சி முன்னதாகவே முடிகிறது என்று வாசலில் ஒரு தாளை ஒட்டினார்கள். இரண்டு ஆட்கள் படங்களை ஒவ்வொன்றாக இறக்கி நெகிழித் தாளில் சுற்றினார்கள். மனோகரனின் முகத்தின் மேலும் ஒட்டுநாடா கரகரவென்று ஓடியது. வாசுகி அதையும் நின்று பார்த்தாள்.

"எங்க கொண்டுபோறாங்கம்மா?"

"கொச்சிக்கு. அங்க அடுத்த மாசம் வைக்கிறாங்க. புத்தகமும் அங்க மறுபடி வெளியிடுறாங்க." ஹுமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

"என்னிக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

"அவ்வளவு தூரம் எப்படிக்கா போவீங்க? லீவு குடுப்பாங்களா? உள்ளயே விடமாட்டாங்க."

"விடலன்னா வாசல்ல நிக்கிறேன்" என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள் வாசுகி. "கொச்சின்னா பரவாயில்ல. மலையாளம் எனக்கு வரும்."