சும்மா கிடைக்கிற டிக்கெட்

மார்த்தாண்டத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் நேசமணிக்குக் காசு இல்லாமல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததற்கு வறுமையின் மேல் பழியைப் போட்டுவிட்டு மனுஷர் தப்பிவிடுவார். மஸ்கட்டுக்கு ஒரு டிக்கெட் என்பது கல்யாண சீசனில் அவர் கடையின் ஒரு நாள் லாபம். ஆனால் காசைக் கொடுத்துப் பொருளை வாங்குவதில் அவருக்கு என்றைக்குமே ருசி இருந்ததில்லை. ஒன்று வாங்கினால் இன்னொன்று இனாமாக வர வேண்டும். வராவிட்டால் ஏமாந்துபோனதாக அன்றைக்குத் தூக்கம் வராது.

மகள் ஜாஸ்மி மஸ்கட்டில் இருந்தாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்து இப்போதுதான் உண்டாகியிருந்தாள். மருமகன் பிபின் ஏசி கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. முதல் பேறுகாலம் தாய்வீட்டில் என்பது முறை. ஆனால் ரத்தக் கொதிப்பு இருக்கிறது, பிளேன் ஏறக்கூடாது என்று அங்குள்ள டாக்டர் தடுத்துவிட்டார். சரி, தாய்வீடு அங்கே போகட்டும் என்று முடிவாயிற்று. பிபின் மாமாவுக்கும் மாமிக்கும் சேர்த்தே விசா எடுத்து அனுப்பினான். கடையைப் பூட்டிவிட்டு நான் எங்கே வர, லீலா வருவாள் என்றார் நேசமணி. அவர் மனைவி லீலாபாய் தன்வந்தரம் குழம்பு என்னும் மருந்தெண்ணெய், பிரசவ மருந்து, பழைய வேட்டித் துணி எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக் கட்டிவைத்துவிட்டு டிக்கெட்டுக்காகக் காத்திருந்தாள்.

டிக்கெட்டைத் தடுத்தது ஒரு வங்கி. வேணாடு பேங்க் என்று பெயர்; ஊர்க்காரர்கள் தேங்காய் விற்ற பணத்தையும் ரப்பர் விற்ற பணத்தையும் போட்டு வளர்த்த சின்ன வங்கி. அதன் கிரெடிட் கார்டில்தான் நேசமணி வருடக்கணக்காகக் கடைக்குச் சரக்கு எடுத்து, பாயின்ட் பாயின்டாகச் சேர்த்து வைத்திருந்தார். இப்போது அந்த வங்கியை வடக்கே உள்ள ஒரு பெரிய வங்கி எடுத்துக்கொண்டது. ஆனை வாய்க்குள் போன கரும்பு. பழைய கார்டு செத்துப்போகும், புதிய கார்டுகள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இணைப்பு முடிந்ததும் உங்கள் பாயின்ட் அதில் வந்து சேரும் என்று மெசேஜ் வந்தது.

நேசமணி மூன்று கார்டுகளின் விளம்பரத் தாளையும் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துக்கொண்டு வேத பாடம் போலப் படித்தார். ஒன்றில் விமான நிலையத்து லவுஞ்சில் இனாமாக உட்கார்ந்து இட்லி தின்னலாம். ஒன்றில் ஹோட்டல் அறை. மூன்றாவதில் பாயின்டெல்லாம் மைலாக மாறும். மைலைக் கொடுத்தால் மஸ்கட் டிக்கெட்டே சும்மா கிடைக்கும்.

"லவுஞ்சு வேண்டாம்னு வச்சிட்டேன், கேட்டியா? நீ வெளியில பச்சத் தண்ணி குடிக்க மாட்ட. மைலு கார்டுதான் நமக்கு," என்றார் மனைவியிடம், பெரிய தியாகம் செய்தவர் மாதிரி.

"இஞ்ச பாருங்க, எனக்கு ஒரு கார்டும் வேண்டாம். பைசா குடுத்து டிக்கெட்ட எடுங்க. புள்ள அங்க தனியா கெடக்கா."

"சும்மா கிடைக்கிறத எதுக்குட்டி காசு குடுத்து வாங்கணும்? இந்த மாசக் கடைசியில இணைப்பு முடியுது."

மாசக் கடைசியில் முடியவில்லை. தேதி தள்ளிப்போயிற்று. மறுபடியும் தள்ளிப்போயிற்று. ஒவ்வொரு தடவையும் லீலாபாய் பெட்டியைத் திறந்து, மருந்துப் பொடியில் பூச்சி வந்திருக்கிறதா என்று பார்த்து, திரும்பக் கட்டினாள். அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. ஜாஸ்மியைப் பெறும்போது அவளுக்கே கால் வீங்கி, தலைவலி வந்து, கண்ணில் மின்னல் அடித்து, வலிப்பு கண்டது. மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு இருந்ததாலும், அவளுடைய அம்மா கூடவே இருந்ததாலும் உயிர் தப்பினாள். அந்த நாளைப் பற்றி அவள் வீட்டில் பேசுவதே இல்லை. இப்போது தினமும் அதையே நினைத்தாள்.

கார்டு விண்ணப்பத்தைக் கொடுக்க நேசமணி வங்கிக்குப் போனார். வாசலில் பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். புதிய பலகையை ஏற்றி நீல தார்ப்பாயால் மூடிக் கட்டியிருந்தார்கள். தெரிந்த முகங்களில் பாதிப்பேருக்கு மாற்றல் வந்திருந்தது. கவுன்டரில் ரேஷ்மி என்ற சின்னப் பெண் மட்டும் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"மாமா, அக்கவுன்ட்ல உள்ள போன் நம்பர் உங்களுடையது இல்லியே. இணைப்புக்கு முன்ன மாத்திருங்க. பொறவு மாத்த ரொம்ப கஷ்டப்படுவீங்க."

"அது எம்மொவ நம்பரு மக்கா. இருக்கட்டும்."

"ஓடிபி எல்லாம் அவங்களுக்குல்லா போவும்?"

"போவட்டும்னுதான் சொல்லுதேன்."

அதுதான் நேசமணியின் ரகசிய இன்பம். கணக்கு தொடங்கியபோது அவரிடம் நல்ல போன் இல்லை, மகளுடைய நம்பரைக் கொடுத்தார். மகள் கல்யாணமாகிப் போகும்போது அந்த சிம்மையும் கொண்டுபோய்விட்டாள். அன்றிலிருந்து அவர் கார்டில் ஆன்லைனில் எதை வாங்கினாலும் ஓடிபி மஸ்கட்டுக்குப் போகும். அவர் மகளைக் கூப்பிடுவார். அவள் எண்ணைச் சொல்லுவாள். அப்படியே நாலு வார்த்தை பேசுவாள். அப்பாவும் மகளும் சும்மா போன் பண்ணிக் கொஞ்சிக்கொள்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. இந்த ஓடிபி ஒன்றுதான் சாக்கு. வீட்டுக்கு வேண்டாத பக்கெட்டையும் துடைப்பத்தையும்கூட அவர் ஆன்லைனில் வாங்கியது இதற்காகத்தான். நம்பரை மாற்றினால் எந்த முகத்தோடு தினமும் கூப்பிடுவது?

ரேஷ்மி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். "மாமா, டிக்கெட் அவசரம்னா காசுக்கே எடுத்திருங்க. பாயின்ட் எப்ப வந்து விழும்னு எங்களுக்கே தெரியாது. எங்க வேலையே இருக்குமான்னு தெரியல."

நேசமணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன்னிடமிருந்து பாயின்டைப் பிடுங்கத்தான் எல்லாரும் சேர்ந்து அவசரப்படுத்துகிறார்கள் என்று அவருக்குப் பட்டது. பேராசைக்காரனுக்கு நல்ல வார்த்தையும் பொல்லாத வார்த்தையாகத்தான் கேட்கும்.

கடைசியில் தேதி உறுதியாயிற்று. வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை எந்தச் சேவையும் இருக்காது, திங்கள் முதல் நீங்கள் புதிய குடும்பத்தின் அங்கம் என்று மெசேஜ் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை, சேவை நிற்பதற்குள் அவர் ஒரு டார்ச் லைட் வாங்கினார்.

"எண்ணு வந்துட்டா மக்களே?"

ஜாஸ்மி எண்ணைச் சொன்னாள். குரல் கனத்திருந்தது. "இப்ப எதுக்குப்பா டார்ச்சு?"

"கெடக்கட்டும். திங்கக்கெழம அம்மைக்கு டிக்கெட் சும்மா வருது. ஒனக்கு எப்படி இருக்கு?"

"கொஞ்சம் தலவலிதான். கால்ல செருப்பு ஏற மாட்டேங்குது. அம்மட்ட சொல்லாண்டாம், வெப்ராளப்பட்டு ஒறங்க மாட்டாவ. பையவே வரட்டும்பா."

அவர் மனைவியிடம் சொல்லவில்லை. மகள் சொல்லாதே என்றது வசதியாகவும் இருந்தது. ஆனால் தலைவலி என்ற சொல் எங்கோ போய்க் குத்தியது. இரண்டு நாள்தானே, எத்தனையோ நாள் பொறுத்தாயிற்று என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் போதகர் ஐயர் பேறுகாலப் பெண்களுக்காக ஜெபித்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விம்மல் கேட்டது. அது லீலாபாய். வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னாள்: "புள்ள என்கிட்ட சரியாப் பேச மாட்டேங்கா. எதையோ மறைக்கா. எனக்குத் தெரியும். நான் அவள வயித்துல சுமந்தவ. இன்னைக்கே ஏஜென்ட்டுட்டப் போவோம்."

"இன்னும் ஒரு ராத்திரிதானே, லீலா."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் சண்டை போட்டிருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கள் காலை காபிக்கு முன்பே நேசமணி போனைத் திறந்தார். வந்து விழுந்திருந்தது! ஒரு பாயின்ட் குறையாமல் மைலாக மாறி நின்றது. ஊரே பயந்ததே, உள்ளதும் போய்விடும் என்றார்களே, பார்த்தீர்களா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. மஸ்கட், ஒருவர், இனாம் இருக்கை. திங்களுக்கு இல்லை. செவ்வாய்க்கும் புதனுக்கும் இல்லை. இனாமாக வருகிறவனுக்கு எல்லா நாளும் கதவைத் திறந்துவைக்க விமானக்காரன் என்ன மாமனாரா? வியாழக்கிழமை ஒரே ஓர் இருக்கை இருந்தது. போதும். மனைவியின் பெயரை அடித்தார். வரிக்காக மட்டும் சின்னத் தொகை கேட்டது. ஓடிபி மஸ்கட்டுக்குப் போயிற்று.

மகளைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. குளிக்கிறாளாக்கும் என்று நினைத்தார். மறுபடி கூப்பிட்டார். நேரம் முடிந்தது, எண்ணை மீண்டும் அனுப்பவா என்று திரை கேட்டது. அனுப்பு என்று தட்டிவிட்டுத் திரும்பவும் கூப்பிட்டார். ஜாஸ்மி முதல் மணியிலேயே எடுத்துப் பழக்கப்பட்டவள்.

வெகுநேரம் அடித்து, அடங்கப்போகும்போது எடுக்கப்பட்டது.

"மக்களே, அந்த எண்ணச் சொல்லு, நேரம் போவுது..."

"மாமா, நான் பிபின்."

"அவ எங்கடே?"

"ஆஸ்பத்திரியில இருக்கோம் மாமா. நேத்து எனக்கு அவசர வேலைன்னு சைட்டுக்குப் போயிருந்தேன். வரும்போ அவ அடுக்களையில விழுந்து கெடக்கா. வலிப்பு வந்திருக்கு. எவ்வளவு நேரம் கெடந்தான்னு தெரியல." அவன் அழுகையை விழுங்குவது கேட்டது. "ஆப்பரேஷன் பண்ணிப் புள்ளய எடுத்துட்டாவ. பொம்பளப் புள்ள, நல்லா இருக்கு. அவதான் இன்னும் கண்ணு முழிக்கல. வீட்டுல உள்ளவங்களக் கூப்பிடுங்கன்னு டாக்டர் இப்பதான் சொன்னாரு."

நேசமணி எதையும் யோசித்தாரா என்றால் இல்லை, பழக்கம்தான் பேசியது. "அந்த எண்ணு..." என்றார்.

பிபின் எண்ணைச் சொன்னான். அவர் விரல் தானாக அடித்தது. வாழ்த்துகள், உங்கள் பயணம் உறுதியாயிற்று என்று திரையில் வண்ணக் காகிதங்கள் உதிர்ந்தன.

"மாமிக்கு மட்டுமா எடுத்திய?" என்று பிபின் கேட்டான். "மாமியத் தனியா விடாதீங்க. ரெண்டா எடுங்க."

லீலாபாய் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ, எல்லாம் கேட்டுவிட்டாள்.

"என்னைக்கு டிக்கெட்?"

"வியாழக்கெழம."

"வியாழக்கெழம வர எம்புள்ள இருப்பாளா?"

அவள் உள்ளே போய் அலமாரியைத் திறந்து, கடைப் பணம் வைத்திருக்கும் துணிப்பையை அப்படியே எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். திட்டவில்லை. "இன்னைக்கு உள்ளது. ரெண்டு பேருக்கும்," என்றாள். தானும் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டாள். இனி எதையும் அவரை நம்பி விடுவதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டது அவருக்கே தெரிந்தது.

ஜங்ஷன் பக்கத்து டிராவல் ஏஜென்ட் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தான். திருவனந்தபுரத்திலிருந்து சாயங்காலம் புறப்படும் விமானத்தில் இரண்டு இருக்கைகள் இருந்தன. கேட்ட விலையை நேசமணி பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் காசு கொடுப்பது அவருக்குச் சுகமாக இருந்தது. இதை வாங்கிக்கொள், இன்னும் வேண்டுமானாலும் வாங்கிக்கொள், அவளை மட்டும் விட்டுவிடு என்று அவர் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். எதிரே, சாலைக்கு அப்பால், இரண்டு பேர் ஏணியில் ஏறி வங்கிப் பலகையின் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது போன் அடித்தது. திரையில் ஜாஸ்மியின் பெயர். தினமும் எந்தப் பெயரைப் பார்த்து வாழ்ந்தாரோ அதே பெயர். நேசமணியால் அதைத் தொட முடியவில்லை. போன் விடாமல் அடித்தது.

லீலாபாய் அதை வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"சொல்லு மக்கா."

பேசியது பிபின்தான்: "மாமி, நீங்க வரண்டாம். நாங்க அவள அங்க கொண்டு வாறோம்."

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. நேசமணி ஸ்கூட்டரோடு சேர்ந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏஜென்ட் ஓடிவந்து பிடித்தான். லீலாபாய் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கையிலிருந்த போன் அசையவில்லை. ரொம்பத் தணிந்த குரலில் அவள் கேட்டாள்.

"புள்ளைக்கு யாரு மக்கா பால் குடுக்கா?"