சிவப்பு அம்புகள்

கல்வித் துறையிலிருந்து வந்த ஆய்வாளர் தன் சட்டைப் பையைக் கேமராவுக்கு முன்னால் இழுத்துப் பிடித்தார். பையின் ஒரு மூலை தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கே தெரிந்தது. தையல் குறையைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் பழக்கிய கணினி அரை நொடி யோசித்தது. பிறகு சுவரில் இருந்த பெரிய திரையில் பச்சை எழுத்தில் பதில் வந்தது. சரி. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

வகுப்பு சிரித்தது. ஆய்வாளரும் சிரித்தார்.

"இத வீட்டுல காட்டினா, கம்ப்யூட்டரே சரின்னு சொல்லிருச்சு, அப்படியே போட்டுட்டுப் போங்கன்னு சொல்லிருவாங்க."

தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் அவரைப் பெரிய மிஸ் என்பார்கள். நான் சின்ன மிஸ். பெரிய மிஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆறாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவுப் பாடம் இந்த ஆண்டுதான் வந்தது, அதுவும் சோதனைக்காக. எங்கள் வட்டாரத்தில் மூன்று பள்ளிகளுக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள். ஆய்வாளர் பார்த்துவிட்டு எழுதுவதை வைத்துத்தான், அடுத்த ஆண்டு தொடக்க வகுப்புகளிலிருந்து பத்தாம் வகுப்புவரை பாடம் விரியுமா, இல்லை பன்னிரண்டு கணினிகளையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்களா என்பது முடிவாகும். கணினிகளோடு நானும் கிளம்ப வேண்டியதுதான். என் வேலை இந்தப் பாடத்துக்காகப் போட்ட ஓராண்டு வேலை. இயற்பியல் படித்த எனக்கு அதுவரை கிடைத்த ஒரே வேலை. நான் அதிகம் பேச மாட்டேன். பேசினால் முதல் வரிசைக்கு மட்டும் கேட்கும். ஆனால் அந்த வகுப்பில், எப்படி என்று தெரியவில்லை, கடைசி வரிசைவரை கேட்கப் பேசிக்கொண்டிருந்தேன். அதை இழக்க எனக்கு மனமில்லை.

பாடப் புத்தகத்தில் ஒரு பயிற்சி இருந்தது. பூனைப் படங்களையும் நாய்ப் படங்களையும் காட்டிக் கணினிக்குப் பிரித்தறியக் கற்றுக்கொடுக்க வேண்டும். "பூனை எங்களுக்கே தெரியும் மிஸ், கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வேறு ஏதாவது செய்யலாம் என்று யோசித்தபோது அம்மாவின் நினைவு வந்தது.

அம்மா ஒரு துணித் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். தையல் விட்டிருந்தால், நூல் சுருண்டிருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவாள். அம்பின் முனை குறையைத் தொட வேண்டும். திருத்துகிறவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பதினேழு வருடப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. ஒருமுறை சொட்டுகிற குழாயில் அம்பு ஒட்டி வைத்தாள். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு மறுநாளே ஆளனுப்பினார்.

கழித்துப் போட்ட சட்டைக் கைகளும் நல்லவையும் வேண்டும் என்று கேட்டேன். அம்மா மேற்பார்வையாளரிடம் சொல்லி ஒரு மூட்டை வாங்கி வந்தாள். குறை உள்ளவை அறுபது, இல்லாதவை அறுபது.

"என் வேலைய என் பொண்ணே கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுக்கறா. நாளைக்கு அது வந்து என் ஸ்டூல்ல உக்காரப்போகுது," என்றாள்.

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"உக்காரட்டும், பூனைக்குட்டி. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும்."

பூனைக்குட்டி, என் சின்னக் குரலுக்காக அவள் எனக்கு வைத்த பெயர்.

பிள்ளைகள் இரண்டு வாரம் படம் எடுத்தார்கள். நூறு கைகளைப் பழக்குவதற்கும் இருபதைச் சோதிப்பதற்கும் பிரித்தோம். ஒவ்வொன்றையும் பல கோணங்களில் எடுத்தோம். சோதித்தபோது கணினி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியது. பெரிய மிஸ் அந்த எண்ணைக் கரும்பலகையின் மூலையில் எழுதச் சொல்லி, அழிக்கக் கூடாது என்றார். நான் அதை அறிக்கையிலும் எழுதினேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "என்னையே ஒரு நாளைக்கு ரெண்டு தடவ திட்டுவாங்க, அது பரவால்லயே," என்றாள்.

வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். "ஒரு சந்தேகம் மிஸ்" என்று ஆரம்பிக்காமல் அவளுக்குப் பேச வராது. பெயரே சந்தேகம் என்றாகிவிட்டது. ஆய்வுக்கு இரண்டு நாள் முன்பு, மணி அடித்து எல்லோரும் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"ஒரு சந்தேகம் மிஸ். அது தையலப் பாக்குதா, அம்பப் பாக்குதா?"

"அப்புறம் பாக்கலாம்மா," என்றேன். தொண்ணூற்றெட்டு கரும்பலகையில் இருந்தது.

இப்போது ஆய்வாளரின் பை தொங்கிக்கொண்டிருந்தது, திரையில் சரி என்று இருந்தது. அந்தக் கேள்வி இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. குறை இருந்த ஒவ்வொரு கையிலும் சிவப்பு அம்பு இருந்தது. இல்லாத எதிலும் அம்பு இல்லை. சோதிக்க எடுத்து வைத்த இருபதும் அதே மூட்டைதான். எதை ஒப்பிடுகிறோம், எதை மாற்றாமல் வைக்கிறோம் என்று மூன்று வருடம் ஆய்வுக்கூடத்தில் எழுதியவள் நான். அம்மாவின் அம்புகளைப் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதால், அவை துணியின் ஒரு பகுதி என்றே என் கண் நினைத்துவிட்டது.

பெரிய மிஸ் என் பக்கத்தில் வந்தார். "வெளிச்சம் சரியில்ல போலிருக்கு சார்," என்று ஆய்வாளரிடம் சொன்னார். என்னிடம் திரும்பி, "ஜன்னலத் திறந்துட்டு அந்தச் சட்டைக் கையவே காட்டும்மா," என்றார். உதவிதான் செய்தார். மேசையில் அம்பு ஒட்டிய கை ஒன்று தயாராக இருந்தது. அதைக் காட்டினால் குறை என்று வரும். எல்லோரும் கைதட்டுவார்கள். ஆய்வாளர் எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மூன்றாம் வரிசையில் சந்தேகம் கையைத் தூக்கவில்லை. முதல்முறையாக. எனக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று இரண்டு கையையும் மேசைக்கடியில் வைத்திருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வெளிச்சத்தால இல்ல சார்," என்றேன். முதல் வரிசைக்குத்தான் கேட்டிருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். "வெளிச்சத்தால இல்ல. தப்பு என்னோடது. இவ ரெண்டு நாள் முன்னாடியே கேட்டா. நான் காதுல போட்டுக்கல. இப்ப அவளே சொல்லட்டும்."

அவள் எழுந்து வந்தாள். சட்டைக் கையிலிருந்து ஒரு அம்பை உரித்தாள். ஆய்வாளரை அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரு சந்தேகம் சார். உங்க இந்தக் கையில ஒட்டலாமா? இது நல்லா இருக்கு."

"பை மட்டும்தான் மோசம்ங்கற," என்று அவர் கையை நீட்டினார்.

ஒட்டினாள். கேமராவைத் திருப்பினாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. குறை. தொண்ணூற்றொன்பது. அம்பை எடுத்தாள். சரி. ஒட்டினாள். குறை. பின்னாலிருந்து ஒரு குரல், "அடப்பாவி, காப்பியடிச்சிருக்கு," என்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"எவ்ளோ நாளாகும் இதச் சரி பண்ண?" என்று ஆய்வாளர் கேட்டார். என்னிடம் இல்லை, அவளிடம்.

"ஸ்டிக்கர உரிச்சிட்டு திரும்பப் படம் எடுக்கணும் சார். இந்தப் பீரியட்லயே ஆரம்பிச்சிரலாம்."

"பொய் சொல்லாதடி, நிறைய கை இருக்கு," என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"பன்னிரண்டு குழு இருக்கோம்ல. குழுவுக்குப் பத்து."

அவர்களே மூட்டையைக் கொட்டிப் பிரித்தார்கள். நகத்தால் அம்புகளை உரித்தார்கள். பசை ஒட்டியிருந்தால் அதையும் கணினி பார்த்துவிடும் என்று ஒருத்தி ஈரத்துணி கேட்டாள். அம்பை எடுத்த பிறகு எது குறை உள்ளது என்று எப்படித் தெரியும் என்று ஒருவன் கேட்டான். அதனால் இரண்டு குவியலுக்கு நடுவே சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்கள். உரித்த அம்புகளை எங்கே போடுவது என்று தெரியாமல் ஒருவர் மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள். ஆய்வாளர் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து தானும் நான்கு அம்புகளை உரித்தார். அடுத்த பாடவேளை ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கைக்கு ஐந்து படம் வீதம் மறுபடி எடுத்துப் பழக்கிச் சோதித்தபோது அறுபத்தொன்று வந்தது.

"தொண்ணூத்தெட்டுலேர்ந்து அறுபத்தொண்ணா," என்றார் ஆய்வாளர். "இறங்கிருச்சே."

"இப்பதான் சார் அது தையலப் பாக்குது," என்றாள் சந்தேகம்.

அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார். நெடுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. கடிதம் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். போகும்போது தொங்கும் பையை ஒரு கையால் அமுக்கிக்கொண்டே போனார். பெரிய மிஸ் வகுப்புக்குத் திரும்பி வந்து, கரும்பலகை மூலையில் இருந்த தொண்ணூற்றெட்டைத் தன் கையாலேயே அழித்தார். சுண்ணக்கட்டியை எடுத்து அறுபத்தொன்று என்று எழுதினார். முன்னதைவிடப் பெரிதாக. அழிக்கக் கூடாது என்று இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன். இவ்வளவு நேரம் ஒரே மூச்சில் நான் அவளிடம் பேசியதில்லை. அவள் என் கழுத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பு," என்றாள்.

தோள்பட்டையில், காலருக்குக் கீழே, ஒரு சிவப்பு அம்பு. எந்தப் பிள்ளை எப்போது ஒட்டியது என்று தெரியவில்லை. முனை என் தொண்டையைக் காட்டிக்கொண்டிருந்தது.

அம்மா என்னை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். பதினேழு வருடப் பழக்கத்தில், அம்பு காட்டிய இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். முகத்தைக் கிட்டே கொண்டுவந்து இன்னொரு தரம் பார்த்தாள்.

"இங்க குறை ஒண்ணும் இல்லையே," என்றாள்.

அம்பை உரித்தாள். கீழே போடவில்லை. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த அதோடு கதவைத் திறந்து, எனக்கு முன்னால் உள்ளே நடந்தாள்.